கமெண்டரி பெட்டியில் எக்ஸ்பர்ட் நாற்காலி: முதல்முறை உட்காருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லீக் கிரிக்கெட் ஆடியவர், அகாடமி கோச், பழைய அம்பயர் என்று யாரையாவது ஒருநாள் போனில் கூப்பிடுவார்கள். "சார், ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்குத் தமிழ்ல எக்ஸ்பர்ட்டா வர முடியுமா?" அவரும் சரி என்பார். ஆட்டம் தெரியும், பேசவும் வரும், வேறென்ன வேண்டும் என்று நினைப்பார். மூன்றாவது ஓவருக்குள் வியர்த்துவிடும்.

சின்னத் தொடர்களின் நேரலைகளில் முதலில் ஸ்கோரராகவும், பிறகு கமெண்டரி ஒருங்கிணைப்பவனாகவும் பக்கத்து நாற்காலியில் இருந்து இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். தடுமாறியவர்களில் கிரிக்கெட் தெரியாதவர் யாரும் இல்லை. எதை எப்போது சொல்வது என்ற வரிசைதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். கிரிக்கெட்டை வைத்தே சொல்கிறேன், அதுவும் பெரும்பாலும் டி20. எனக்குத் தெரிந்த பெட்டி அதுதான்.

1. எந்த நாற்காலி உங்களுடையது என்று முதலில் கேளுங்கள்

ஒப்புக்கொள்ளும் போனிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது: "பந்துக்குப் பந்து சொல்லப் போவது யார்?"

பெட்டியில் இரண்டு வேலைகள் உண்டு. ஓடிவரும் பந்துவீச்சாளரில் தொடங்கி, பந்து செத்து, அதாவது அந்தப் பந்தின் ஆட்டம் முடிந்து, ஸ்கோர் சொல்வது வரை முதன்மை வர்ணனையாளருடையது. அது ஏன் அப்படி நடந்தது, அடுத்து என்ன வரலாம் என்பது எக்ஸ்பர்ட்டுடையது. என்ன நடந்தது என்பதை முதன்மை வர்ணனையாளர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். அதையே நீங்களும் சொன்னால் வீட்டில் இருப்பவர் ஒரே செய்தியை இரண்டு குரலில் கேட்கிறார், அவ்வளவுதான்.

ஒருமுறை நானே சொதப்பியிருக்கிறேன். ஒரு தொடரில் முன்னாள் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் கிடைத்த சந்தோஷத்தில், முதன்மை வர்ணனையாளர் இல்லாமலேயே இருவரையும் உட்கார வைத்தேன். முதல் மூன்று ஓவர்கள் "நீங்க சொல்லுங்க அண்ணே", "இல்ல, நீ சொல்லு தம்பி" என்றே போனது. ஒரு விக்கெட் விழுந்தபோது இருவரும் சேர்ந்து பேசினார்கள், ஸ்கோரை யாருமே சொல்லவில்லை.

இன்னொரு கேள்வியும் கேட்டு வையுங்கள்: மைதானத்திலா, ஸ்டுடியோவிலா? வட்டார மொழி கமெண்டரி பெரும்பாலும் மைதானத்துக்குப் போகாமல், ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துத்தான் செய்யப்படுகிறது. எந்த இடம் என்பதைப் பொறுத்து உங்கள் தயாரிப்பே மாறும்.

2. ஒரு வாரம் முன்பு: டிவியை ஊமையாக்கிப் பழகுங்கள்

ஏதாவது ஒரு டி20 ஆட்டத்தைப் போட்டு ஒலியை நிறுத்துங்கள். ஒரு நண்பரை முதன்மை வர்ணனையாளராக உட்கார வையுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். நான்கு ஓவர் போதும்.

யாரும் செய்வதில்லை, கூச்சமாக இருக்கிறது என்பார்கள். அந்தக் கூச்சம் நண்பர் முன்னால் கழியட்டும். இரண்டு விஷயங்கள் உடனே தெரியவரும். ஒன்று, உங்கள் வாக்கியங்கள் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நீளம். இரண்டு, பதற்றம் வந்ததும் நீங்கள் ஆங்கிலத்துக்கு ஓடிவிடுகிறீர்கள். இந்த இரண்டையும் முதல் நேரலையில் கண்டுபிடிப்பதைவிட வரவேற்பறையில் கண்டுபிடிப்பது மேல்.

3. முந்தைய நாள்: ஒரே ஒரு தாள்

புதிதாக வருபவர்கள் புள்ளிவிவரத்தைக் கட்டுக்கட்டாக அச்சடித்துக்கொண்டு வருவார்கள். சராசரி, ஸ்ட்ரைக் ரேட், நேருக்கு நேர் மோதல். அவ்வளவும் கிராபிக்ஸில் வரும், இல்லாவிட்டால் ஸ்கோரர் எடுத்துக் கொடுப்பார். உங்களிடம் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. குனிந்து தாளில் எண்ணைத் தேடும்போது மைதானத்தில் நடப்பது கண்ணில் படாமல் போகும் என்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

ஒரே தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, பக்கத்துக்கு ஒரு அணியாக எழுதுங்கள். ஒவ்வொரு மட்டையாளருக்கும் இரண்டே குறிப்பு: ரன் எடுக்கத் திணறும்போது முதலில் எந்த ஷாட்டுக்குப் போவார், எந்தப் பந்தில் மாட்டுவார். ஒவ்வொரு பந்துவீச்சாளருக்கும் இரண்டு: அடி வாங்கிய அடுத்த பந்தை என்ன போடுவார், எந்த ஓவர்களுக்கு அவரை வைத்திருப்பார்கள். இதற்காக ஒவ்வொருவருடைய கடைசி இரண்டு மூன்று ஆட்டங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். முழுதாக வேண்டாம், விக்கெட்டுகளும் கடைசி 5 ஓவர்களும் போதும்.

"அடி வாங்கிய அடுத்த பந்து" என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சிக்ஸருக்குப் பிறகுதான் வீட்டில் எல்லோரும் திரையை உற்றுப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் "இவர் இப்ப மெதுவான பந்து போடுவார் பாருங்க" என்று நீங்கள் சொல்லி, அது நடந்தும் விட்டால், அன்றைக்கு முழுவதும் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. நடக்கவில்லை என்றாலும் பாதகமில்லை, ஏன் மாற்றினார் என்று பேச விஷயம் கிடைக்கும்.

தாளின் அடியில் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று தமிழில் எழுதி வையுங்கள். வெளிமாநில, வெளிநாட்டுப் பெயர்கள் நாக்கில் புரளாவிட்டால் வாக்கியமே நின்றுவிடும்.

4. ஆட்டத்தன்று: கேமரா பார்க்காததைப் பார்த்து வையுங்கள்

மைதானம் என்றால் டாஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஆடுகளத்தைத் தூரத்தில் இருந்தாவது பாருங்கள். புல், விரிசல், ஈரம், நிறம். சேப்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சிவப்பு மண் ஆடுகளமும் உண்டு, கறுப்பு மண் ஆடுகளமும் உண்டு. சிவப்பு மண்ணில் பந்து எழும்பும், கறுப்பு மண்ணில் தங்கித் தாழும். இன்றைக்கு எந்த மண் என்று தெரியாமல் "சேப்பாக்கம்னாலே ஸ்பின்" என்று ஆரம்பித்தால் நாலாவது ஓவரிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

எல்லைக்கோடு எந்தப் பக்கம் குறுகலாக இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தாளில் அம்புக்குறி போடுங்கள். ஒரு பந்துவீச்சாளர் ஏன் முனை மாறினார் என்பதற்கான பதில் அந்த அம்புக்குறியில்தான் இருக்கும். இரவு ஆட்டம் என்றால், இரண்டாம் இன்னிங்ஸில் களப்பணியாளர்கள் புல்லைக் கயிறால் துடைக்கிறார்களா, பந்துவீச்சாளர் துண்டைக் கேட்கிறாரா என்று ஒரு கண் வையுங்கள். பனி இறங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஈரப் பந்து சுழற்பந்து வீச்சாளரின் விரலில் நிற்காது.

ஸ்டுடியோவில் உட்காருபவர்களுக்கு இந்த வசதி இல்லை. டைரக்டர் காட்டுவதுதான் உங்கள் உலகம். ஆகவே ஆட்டத்துக்கு முந்தைய ஆடுகள அறிக்கையை ஒரு வார்த்தை விடாமல் பாருங்கள். ஓவர்களுக்கு நடுவே முழு மைதானத்தைக் காட்டும் படம் வரும் இரண்டு விநாடியில் பீல்டிங் வியூகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். பார்க்காததைப் பார்த்த மாதிரி மட்டும் சொல்லாதீர்கள். ஸ்டுடியோவில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு "இங்கே நல்ல காத்து அடிக்குது" என்றவரை நான் பார்த்திருக்கிறேன்.

5. ஹெட்செட்டை மாட்டியதும்

காதில் உங்கள் கூட்டாளி குரல், மைதானச் சத்தம், டைரக்டர் அல்லது புரொடியூசர் குரல் என்று மூன்றும் ஒன்றாக விழும். பேசிக்கொண்டிருக்கும்போதே "அடுத்தது ஹாக்-ஐ" (பந்தின் பாதையைக் கணித்துக் காட்டும் படம்), "பத்து விநாடி" என்று ஒருவர் காதுக்குள் சொல்வார். முதல்முறை வருபவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு "ஆங், என்ன சார்?" என்பார்கள். அது ஒளிபரப்பிலேயே போய்விடும். பதில் சொல்லத் தேவையே இல்லை, கேட்டுக்கொண்டால் போதும்.

டைரக்டர் குரலைக் கொஞ்சம் குறைவாகவும் கூட்டாளி குரலைக் கொஞ்சம் அதிகமாகவும் வைக்கச் சொல்லுங்கள். இருமல் வந்தால் மைக்கை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று ஆட்டம் தொடங்குமுன் விரலால் தொட்டுப் பாருங்கள்.

மற்றபடி மைக் எப்போதும் திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவியில் ஓவர் முடிந்ததும் விளம்பரம் வந்து காப்பாற்றும். சின்ன நேரலைகளில் விளம்பரமே கிடையாது. ஓவர் இடைவெளியில் அம்பயரைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை அப்படியே இணையத்தில் போய், மறுநாள் மன்னிப்புக் கேட்க அலைந்த கதை எங்களிடம் உண்டு.

6. பந்துக்கும் பந்துக்கும் நடுவே இருக்கும் 15 விநாடி

அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேகப்பந்து வீச்சாளர் ஒரு பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்து, மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் ஏறத்தாழ அரை நிமிடம். அதில் முதல் சில விநாடிகள் முதன்மை வர்ணனையாளருக்கு. பந்துவீச்சாளர் ஓட ஆரம்பித்ததும் மறுபடி அவருக்கு. நடுவில் உங்களுக்குக் கிடைப்பது 15 விநாடி. சுழற்பந்து என்றால் அதுவும் பாதி. 15 விநாடியில் தமிழில் நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 25 சொல் வரும். எழுதிப் பாருங்கள், எவ்வளவு குறைவு என்று தெரியும்.

ஆகவே ஒரு இடைவெளிக்கு ஒரு கருத்துதான். இரண்டாவது கருத்தைத் தாளின் ஓரத்தில் ஒரு சொல்லாகக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த இடைவெளியில் சொல்லலாம்.

பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியதும் பாதி வாக்கியத்திலேயே நிறுத்துங்கள். பலருக்கு இது வராது. வாக்கியத்தை முடித்தாக வேண்டும் என்று வேகமாகக் கொட்டுவார்கள். நடுவில் விக்கெட் விழும், முதன்மை வர்ணனையாளர் உங்கள் குரலுக்கு மேல் கத்த வேண்டியிருக்கும். அந்தப் பதிவு காலத்துக்கும் அப்படியே இருக்கும். பாதியில் நின்ற வாக்கியத்தை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

ஓவரின் கடைசிப் பந்துக்குப் பிறகு ஒரே ஒரு குறு வாக்கியம், அல்லது ஒன்றுமே இல்லை. விளம்பரம் எந்த நொடியில் வெட்டும் என்று உங்களுக்குத் தெரியாது. ஐந்தாவது பந்தில் பழைய கதை எதையும் தொடங்காதீர்கள். "நான் 98-ல திருச்சியில ஆடும்போது..." என்று ஒருவர் ஆரம்பித்தார், விளம்பரம் வந்துவிட்டது. திரும்பி வந்ததும் விக்கெட். அந்தத் திருச்சிக் கதை என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சிக்ஸர், விக்கெட் என்றால் முதன்மை வர்ணனையாளர் சொல்லி முடித்ததும் மூன்று நான்கு விநாடி கூட்டத்தின் சத்தத்துக்கு விடுங்கள். வீட்டில் இருப்பவரை மைதானத்துக்குள் கொண்டுபோவது அந்தச் சத்தம்தான். முதல் ரீப்ளே திரையில் வரும்போது நீங்கள் நுழையலாம்.

7. ரீப்ளே: எங்கே பார்க்க வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள்

ரீப்ளே ஓடுவது ஏழெட்டு விநாடிதான். பந்து போன பிறகு "அவரோட காலைக் கவனிச்சீங்களா?" என்றால் பயனில்லை. எனவே வரிசை இது: முதலில் பார்வையாளரின் கண்ணை ஒரு இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் அங்கே நடப்பதைச் சொல்லுங்கள். கடைசியாக அதன் விளைவு.

2023 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா–ஆஸ்திரேலியா ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். 46 ரன்னில் இருந்த ஸ்மித்தை ஜடேஜா போல்டாக்கினார். அதற்கு ஒரு புதியவர் சொல்லக்கூடியது:

"அடேங்கப்பா, என்ன ஒரு பந்து! சான்ஸே இல்ல. ஜடேஜான்னா சும்மாவா!"

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதைச் சொல்ல எக்ஸ்பர்ட் தேவையில்லை, வீட்டு சோபாவிலேயே நாலு பேர் சொல்லிவிடுவார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"பந்து குத்துற இடத்தைப் பாருங்க... மிடில், லெக் பக்கம். ஸ்மித் அந்தக் கோட்டுக்கு மட்டையை வைக்கிறார். குத்தின பிறகு திரும்புது, மட்டையோட வெளி ஓரத்தைத் தாண்டி ஆஃப் ஸ்டம்ப். இனிமே வர்றவங்க எல்லாருக்கும் இது மனசுல உறுத்தும்."

முதல் வாக்கியம் கண்ணை நிறுத்துகிறது. கடைசி வாக்கியம் இந்த விக்கெட்டை இன்னிங்ஸின் மிச்சத்தோடு கோக்கிறது. அன்று ஆஸ்திரேலியா 199-க்கு ஆட்டமிழந்தது, ஜடேஜாவுக்கு 28 ரன்னுக்கு 3 விக்கெட்.

இரண்டாவது ரீப்ளே வேறு கோணத்தில் வரும். அதற்கு வேறு விஷயம் வைத்திருங்கள், இல்லையென்றால் பேசாமல் இருங்கள். திரையில் தெரிவதையே திரும்பச் சொல்வது எல்லாப் புதியவர்களும் செய்கிற தவறு. வானொலிக்கு அது தேவை, அங்கே படம் இல்லை. டிவியில் படம் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்.

8. அடுத்து என்ன: எண்ணைப் பிரித்துக் காட்டுங்கள்

நல்ல எக்ஸ்பர்ட்டையும் சுமாரானவரையும் பிரிப்பது இந்தப் படிதான் என்பது என் கணிப்பு. "பொறுத்திருந்து பார்ப்போம்" என்பது முதன்மை வர்ணனையாளர் சொல்லலாம். நீங்கள் சொல்லக் கூடாது. பொறுத்திருந்து பார்க்க உங்களுக்குச் சம்பளம் எதற்கு?

2024 ஜூன் 29, பிரிட்ஜ்டவுன், இந்தியா–தென்னாப்பிரிக்கா டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. 15-ஆவது ஓவரில் அக்‌ஷர் படேல் 24 ரன் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் தேவை, கையில் 6 விக்கெட், களத்தில் கிளாசனும் மில்லரும். திரையில் அந்த எண் பெரிதாக வரும். பார்ப்பவர்களில் பாதிப்பேர் டிவியை அணைக்கப் போயிருப்பார்கள்.

அந்த நேரத்தில் எக்ஸ்பர்ட்டின் தாளில் இருக்க வேண்டியது யாருக்கு எத்தனை ஓவர் மிச்சம் என்பது. அக்‌ஷருக்கும் குல்தீப்புக்கும் நான்கு நான்கு ஓவரும் முடிந்துவிட்டன. பும்ராவுக்கு 2 மிச்சம், அர்ஷ்தீப்புக்கு 1. மீதி 2 ஓவரை ஹர்திக்கோ ஜடேஜாவோ போட வேண்டும். இதை வைத்து இப்படிச் சொல்லலாம்:

"30-க்கு 30-ன்னு பார்க்காதீங்க. இதுல 12 பந்து பும்ரா கையில இருக்கு. அதுல 8 ரன் எடுத்தாலே பெரிய விஷயம். அப்போ மத்தவங்களோட 18 பந்துல 22 வேணும். இப்ப ஒரு விக்கெட் விழுந்தா கதையே வேற."

நடந்தது என்னவென்றால், பும்ராவின் அந்த இரண்டு ஓவர்களில் வந்தது 6 ரன். 17-ஆவது ஓவரின் முதல் பந்திலேயே ஹர்திக் கிளாசனை வெளியேற்றினார். கடைசி ஓவருக்கு 16 தேவைப்பட்டது, இந்தியா 7 ரன்னில் வென்றது. இவ்வளவு துல்லியமாக யாராலும் சொல்லிவிட முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் திரையில் இருக்கும் ஒற்றை எண்ணை இரண்டாக உடைத்துக் காட்டியதும், அணைக்கப் போனவர் உட்கார்ந்துவிடுவார். நீங்கள் ஜோசியம் சொல்லவில்லை, பார்ப்பவருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

இதற்கு வேண்டிய ஒரே கருவி: தாளின் மூலையில் ஒவ்வொரு பந்துவீச்சாளர் பெயருக்கும் எதிரே நான்கு கட்டம், ஓவர் முடிய முடிய ஒன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். ஸ்கோரரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த 15 விநாடி போய்விடும்.

9. விதிகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்

இருபது வருடம் ஆடியவர்களுக்குக்கூட விதி தெரியாது. இது எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது, இப்போது இல்லை. ஆடுபவருக்கு அம்பயர் விரலைத் தூக்கினால் போதும், விதி எண் தெரியத் தேவையில்லை. பேசுபவருக்குத் தேவை.

2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்துக்கு 3 பந்தில் 9 ரன் தேவை. நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்குப் போனது, ஓடியதற்கு 2, எல்லைக்கோட்டுக்கு 4 என்று அம்பயர்கள் 6 ரன் கொடுத்தார்கள். விதி 19.8-இன்படி, பந்து எறியப்பட்ட நொடியில் மட்டையாளர்கள் ஒருவரையொருவர் கடந்திருந்தால்தான் ஓடிக்கொண்டிருந்த ரன் சேரும். அவர்கள் கடந்திருக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டியது 5 என்று முன்னாள் அம்பயர் சைமன் டஃபல் பிறகு சொன்னார். அந்தக் கணக்கு அதே நேரத்தில் பெட்டியில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும் என்றால், அந்த விதி உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

2023 நவம்பர் 6 அன்று டெல்லியில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் ஹெல்மெட் வார் அறுந்து நின்றபோது வங்கதேசம் 'டைம்டு அவுட்' கேட்டது, அதாவது புதிதாக வந்த மட்டையாளர் குறித்த நேரத்துக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராகவில்லை என்று. சர்வதேச ஆட்டத்தில் அப்படி ஒருவர் ஆட்டமிழந்தது அதுவே முதல்முறை. பொது விதியில் அதற்கு 3 நிமிடம், அந்தத் தொடரின் ஆட்ட விதிமுறையில் 2 நிமிடம். ஆகவே கிரிக்கெட்டின் பொது விதிகளை வகுக்கும் எம்சிசியின் விதிப்புத்தகம் மட்டும் போதாது. நீங்கள் உட்காரப்போகும் தொடரின் ஆட்ட விதிமுறைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மழை வந்தால் எத்தனை ஓவர் வேண்டும், ரிவ்யூ எத்தனை, மாற்று ஆட்டக்காரர் உண்டா என்பதெல்லாம் தொடருக்குத் தொடர் மாறும்.

எல்பிடபிள்யூ ரிவ்யூவில் பேசும் வரிசையும் திரையில் வரும் வரிசையேதான்: பந்து குத்தியது எங்கே, காலில் பட்டது எங்கே, ஸ்டம்பில் படுமா. லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியிருந்தால் மீதி எதுவும் பேசத் தேவையில்லை. ஸ்டம்பில் படுமா என்பதில் 'அம்பயர்ஸ் கால்' வந்தால் ஒரு வரி விளக்கம் கொடுங்கள், பந்தில் பாதிக்குக் குறைவாகத்தான் ஸ்டம்பில் படுகிறது, அதனால் களத்து அம்பயர் சொன்னதே நிற்கிறது என்று. எத்தனை முறை சொன்னாலும், அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கும் ஒருவர் எங்கோ இருப்பார்.

10. என்ன தமிழ் பேசுவது

வீட்டில் கிரிக்கெட் பேசும் தமிழ்தான். யார்க்கர் யார்க்கராகவே இருக்கட்டும். ஸ்லிப், கவர், டீப் மிட்விக்கெட்டுக்கெல்லாம் புதுச்சொல் தேடினால் பார்ப்பவர் அதை மொழிபெயர்த்துப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். இன்னொரு கோடியில் சிலர் பெயர்ச்சொல் எல்லாம் ஆங்கிலம், "பண்ணி" மட்டும் தமிழ் என்று பேசுவார்கள். அதுவும் காதுக்கு அலுத்துவிடும்.

வினைச்சொற்களில்தான் தமிழின் பலம். பந்து நின்னு வருது, தங்குது, எகிறுது, சறுக்குது, உள்ளே நுழையுது, வெளியே இழுக்குது. மட்டையாளர் தூக்கினார், தட்டினார், வெட்டினார், செதுக்கினார், மழுப்பினார். ஆடுகளத்தில் நடக்கும் நுணுக்கம் எல்லாம் இந்தச் சொற்களில் இருக்கிறது. இப்படி ஒரு முப்பது வினைச்சொல்லை எழுதி வைத்துக்கொண்டால் "சூப்பர் ஷாட்" தானாகக் குறையும்.

மரியாதை விஷயம் ஒன்று. கூட்டாளியை வெளியே அண்ணே, மச்சி என்று எப்படிக் கூப்பிட்டாலும், ஒளிபரப்பில் பெயரோ சாரோ போதும், அதுவும் எப்போதாவது. ஆட்டக்காரர்களை 'அவர்' என்றே சொல்லுங்கள், 19 வயதுப் பையனாக இருந்தாலும். நீங்களே பயிற்சி கொடுத்த பையன் என்றால் இன்னும் கவனம், 'அவன்' என்று வாயில் வந்துவிடும்.

11. திட்ட வேண்டியிருந்தால்

தப்பைத் தப்பென்று சொல்லாத எக்ஸ்பர்ட்டை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் முடிவைக் குறை சொல்லுங்கள், ஆளை அல்ல. "லாங்-ஆன்ல ஆள் நிக்கும்போது அந்தப் பக்கமே தூக்க வேண்டியதில்ல" என்பது விமர்சனம். "இவருக்குப் பொறுப்பே கிடையாது" என்பது விமர்சனம் இல்லை. முதலாவதை அந்த ஆட்டக்காரரே கேட்டாலும் ஒப்புக்கொள்வார். அப்புறம், அது நல்ல பந்தா என்று பார்க்காமல் மட்டையாளரைக் குறை சொல்லாதீர்கள். முன்னாள் மட்டையாளர்கள் எல்லா விக்கெட்டிலும் மட்டையின் தப்பையே பார்ப்பார்கள். முன்னாள் பந்துவீச்சாளர்கள் நேர் எதிர்.

களத்தில் உங்கள் மாணவரோ உறவினரோ ஆடினால், ஆரம்பத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் நன்றாக இருக்காது.

12. மறுநாள்: பதிவைக் கேட்டுப் பாருங்கள்

பதிவை வாங்கி, குறைந்தது 5 ஓவராவது கேளுங்கள். காதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். நீங்கள் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு குறி போடுங்கள்: நடந்ததைச் சொன்னால் 'என்ன', காரணம் சொன்னால் 'ஏன்', வரப்போவதைச் சொன்னால் 'அடுத்து'. முதல் ஆட்டத்தில் 'என்ன' குறிகளே நிரம்பி வழியும். பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான்.

ஒரு லீக் வேகப்பந்து வீச்சாளர், நாற்பதைத் தாண்டியவர், முதல் ஆட்டத்தில் எங்களோடு உட்கார்ந்து, நடந்ததைத் தவிர ஏறக்குறைய எதுவுமே பேசவில்லை. பதிவைக் கேட்டுக் குறி போட்டதில் இருபத்திரண்டு 'என்ன', இரண்டு 'ஏன்', 'அடுத்து' ஒன்றுகூட இல்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு பையன் ஓடிவரத் திரும்பி நடந்துகொண்டிருந்தான். இவர் மைக்கில் மெதுவாகச் சொன்னார்: "பந்தைக் கையில மறைச்சுக்கிட்டு நடக்கிறார் பாருங்க. போன ரெண்டு பந்துக்கு மறைக்கல. மெதுவான பந்து." முதன்மை வர்ணனையாளர் பேச வாயெடுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டார். பந்து மெதுவாக வந்து, மட்டையாளர் முன்னமே வீசி, மிட்-ஆஃபில் கேட்ச். பெட்டியில் நாலு விநாடி யாரும் எதுவும் பேசவில்லை, கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்டது.